நோரீன் வீட்டுப் பேசாத மனிதர்

நோரீன் ஸ்டப்ஸ் எங்கள் ஊர்ப் பல்பொருள் அங்காடியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். எங்கள் செடோனாவில் அது அவ்வளவு சுலபமான வேலை இல்லை. பிறந்தநாள் வாழ்த்து எழுதச் சொல்லி எத்தனை பேர் வருகிறார்களோ அதே அளவுக்கு மறுபிறப்பு வாழ்த்து எழுதச் சொல்லியும் வருவார்கள். ஒருமுறை ஒருவர் போன பிறவியில் தனக்கு இருந்த பெயரை எழுதச் சொன்னார். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றாள் நோரீன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பூ மட்டும் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்து, ஆமாம், இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எதிர்வீடு. பெயர் க்ளைட். வெளியூர்க்காரர்களை ஜீப்பில் ஏற்றிச் செம்பாறைகளைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. அது போக, மலையில் வழிதவறியவர்களைத் தேடுகிற தன்னார்வக் குழுவிலும் இருக்கிறேன். முதல் வேலையில் கொண்டுபோய் விட்டவர்களில் சிலரை இரண்டாவது வேலையில் திரும்பக் கொண்டுவருவது உண்டு.

பூமிக்குள்ளிருந்து சக்தி சுழன்று மேலே வருகிற இடங்கள் எங்கள் ஊரில் இருப்பதாகப் பேர். முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஜூனிப்பர் மரங்களை அதற்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். நானும் காட்டுகிறேன், அதற்குத்தான் சம்பளம். நோரீன் வீட்டுக் கொல்லையில் ஒரு ஜூனிப்பர் நிற்கிறது. கம்பம் மாதிரி நேராக வளர்ந்திருக்கிறது. அதை யாரும் பார்க்க வருவதில்லை.

நோரீனின் கணவன் ஹார்லன் தண்ணீர் சூடாக்கும் கொதிகலன்களும் வீட்டைக் குளிரவைக்கும் பெட்டிகளும் பழுது பார்ப்பவன். அதிகம் பேச மாட்டான். ஒரு வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் கொதிகலன் எப்படிக் கெட்டது என்று ஆதியோடந்தமாகச் சொல்வார். ஹார்லன் தலையை ஆட்டிக்கொண்டே முழுவதும் கேட்டுவிட்டு, "சரி," என்று சொல்லி வேலையைத் தொடங்குவான். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கொதிகலனைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் சொல்ல விடாவிட்டால் ஜனங்களுக்கு மனசு ஆறாது என்பான்.

ஒரு வசந்த காலத்தில் அவன் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை. ஃப்ளாக்ஸ்டாஃப் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார் டாக்டர். ஹார்லனுக்கு இது பெரிய தண்டனையாக இருக்காது என்று நாங்கள் நினைத்தோம். தொந்தரவு தொலைபேசியால் வந்தது. மணி அடித்தால் அவன் கை தானாகப் போய் எடுத்துவிடும். எடுத்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பான். மறுமுனையில் ஒருவர் தண்ணீர் ஒழுகுகிறது என்று கத்திக்கொண்டிருப்பார்.

இரண்டு நாள் இதைப் பார்த்துவிட்டு நோரீன் சொன்னாள்: "நீ வீட்ல இருந்தா சரிப்படாது. பேசாம எங்கயாவது போய் உக்காரு. பாறைப் பக்கம் போ. சாயங்காலம் வா."

அப்படித்தான் அவன் கழுதைமுதுகுப் பாறைக்குப் போனான். எங்கள் தெருவின் முடிவிலிருந்து ஏறினால் முக்கால் மணி நேரம். மேலே மேசை போல ஒரு தட்டையான இடம் உண்டு. ஹார்லன் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போடும் மங்கல் சட்டையோடு, ஒரு பொட்டலம் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தான். வேலை இல்லாததால் சவரமும் செய்யவில்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஒரு பெண் மலையேறி வந்து, இந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறாள். ஹார்லன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தான். தொண்டையில் ஆபரேஷன் என்று அர்த்தம். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். இந்தியாவிலிருந்து வந்த கணக்குப்படி தொண்டையில் ஒரு சக்கரம் இருக்கிறதாம். உண்மை பேசாதவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளுமாம். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் கூட மூன்று பேரை அழைத்து வந்தாள்.

அவர்கள் அவனிடம் தங்கள் கஷ்டங்களைச் சொன்னார்கள். ஹார்லன் கொதிகலன் கதை கேட்பது போலவே தலையை ஆட்டிக்கொண்டு முழுவதும் கேட்டான். ஒரு மாதத்துக்குள் கழுதைமுதுகுக்குக் கீழே கார் நிறுத்த இடம் கிடைக்காமல் போயிற்று.

ஆறு வாரம் முடிந்த அன்று நோரீன் பச்சை மிளகாய் போட்டுப் பன்றிக்கறிக் குழம்பு வைத்தாள். அவனுக்குப் பிடித்தது. எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். ஹார்லன் சாப்பிட்டான். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துத் தின்றான். தட்டைக் கழுவி வைத்தான். போகிற வழியில் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நோரீன் டாக்டருக்குப் போன் செய்தாள். தொண்டை நன்றாக ஆறிவிட்டது, பாட்டுக்கூடப் பாடலாம் என்றார் அவர்.

"டாக்டர் பேசலாம்னு சொல்லிட்டார்," என்று அவனிடம் சொன்னாள்.

ஹார்லன் தலையை ஆட்டினான்.

"அப்ப பேசு."

இல்லை என்று ஆட்டினான்.

"ஏன்? நான் எதாவது தப்பு செஞ்சேனா?"

அவன் அவள் கையின் மேல் கை வைத்து, பிறகு எடுத்துக்கொண்டான். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று நோரீன் பின்னால் என்னிடம் சொன்னாள். எழுதிக் காட்டச் சொல்லி ஒரு பென்சிலையும் முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் அதைச் சீவிக் கூர்மையாக்கித் திரும்ப வைத்திருக்கிறான்.

இப்படியே கோடை போயிற்று. இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை அவன் ரொட்டிப் பொட்டலத்தோடு புறப்பட்டபோது நோரீன் வாசற்படியில் நின்று சொன்னாள்: "பேசணும்னு தோணும்போது வா. அதுவரைக்கும் வராதே."

அவன் அன்று மாலை வரவில்லை. கழுதைமுதுகின் அடிவாரத்தில் எங்கள் நண்பன் ஒருவனின் காலி நிலத்தில், ஹார்லனுடைய பழைய இழுவை வண்டி வீடு நின்றிருந்தது. மீன்பிடிக்கப் போகையில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவான். அதில் குடியேறிவிட்டான். கொதிகலன் வேலை மட்டும் விடவில்லை. காலையில் போய்ப் பழுது பார்த்துவிட்டு வந்து பாறையில் உட்காருவான். அவனைத் தேடி இரண்டாயிரம் மைல் பறந்து வந்தவர்கள் கீழே காத்திருப்பார்கள். அவன் எங்கே போயிருக்கிறான் என்று கேட்டால், ஏகாந்தத்தில் இருக்கிறார் என்று பதில் வரும். அந்த நேரம் ஹார்லன் யாரோ ஒருவர் வீட்டுக் கழிவறைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பான்.

பதில் சொல்வது ஸோரன் என்கிறவர். கலிபோர்னியாவிலிருந்து வந்தவர். முன்பு அவருக்குக் கேரி என்று பெயர். ஹார்லன் தலையை எந்தப் பக்கம் ஆட்டினால் என்ன பொருள் என்று வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதை அவராகவே எடுத்துக்கொண்டார். ஹார்லன் அவரை ஒருமுறை நீண்ட நேரம் பார்த்தான். அதையும் அவர் ஆசீர்வாதம் என்று விளக்கினார்.

நோரீனுக்கு வீடு தாங்கவில்லை. யாராவது ஒரு குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். குரலுக்குக் குறைவில்லாமல் போயிற்று. காலை உணவின்போது அவர்கள் தங்கள் உடம்பைச் சுற்றி என்ன நிற ஒளி தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவார்கள். நோரீன் அப்பம் சுட்டுப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

அப்படி வந்தவள்தான் மார்சி. ஒஹாயோக்காரி, அறுபதைத் தாண்டியவள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் பழைய கார் விற்றவர். உள்ளூர் வானொலியில் தன் கடைக்குத் தானே விளம்பரம் பேசுவாராம். வீட்டிலும் அதே குரலில்தான் உப்புக் கேட்பாராம். அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மார்சி பேசாத மனிதரைப் பார்க்க வந்தாள். பிறகு மறுபடியும் வந்தாள். இரண்டு முறையும் நோரீன் வீட்டில்தான் தங்கினாள். பேசாத மனிதரின் சட்டைகள் இன்னும் கீழறை அலமாரியில் தொங்குவது அவளுக்குத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் பேசுவது கார் நிறுத்துவது பற்றி மட்டுமே.

ஒரு மாலை நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். மார்சி பாறையிலிருந்து இறங்கி வந்தாள். முகம் கழுவி வைத்தது போல இருந்தது.

"இன்னைக்கு என்னைப் பாத்தார்," என்றாள்.

"அப்படியா," என்றாள் நோரீன்.

"என் புருஷனை மன்னிச்சுடுன்னு சொன்னார். வாயால இல்ல. கண்ணால."

"கண்ணால நல்லாப் பேசுவாராக்கும்."

"என் புருஷன் செத்தப்புறம் வீடு அமைதியா இருக்கு, நோரீன். அந்த அமைதி என்னைத் தின்னுது. இவர்கிட்ட இருக்கிறது வேற அமைதி. நாம சொல்றதுக்கு இடம் விடுது. இந்த மாதிரி ஒரு ஆள் வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

நோரீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பழகிக்கணும்," என்றாள்.

மார்சி மாடிக்குப் போனபிறகு நான் கேட்டேன், "சொல்லித் தொலைச்சா என்ன?"

"என்னன்னு சொல்ல? நீ பிளேன் டிக்கெட் எடுத்துக்கிட்டுப் பாக்க வர்ற அமைதி எனக்குச் சும்மா கெடச்சுது, நான்தான் வாசலைக் காட்டினேன்னு சொல்லவா?" கரண்டியைக் கழுவினாள். "அவளுக்கு அது நல்லது செய்யுது, க்ளைட். செய்யட்டும்."

மூன்றாவது முறை மார்சி ஆகஸ்டில் வந்தாள். எங்களுக்கு அது மழைக்காலம். காலையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும், மதியத்துக்கு மேல் இடிக்கும். அரை மணி மழைக்கு வறண்ட ஓடைகளில் சிவப்புத் தண்ணீர் ஆள் உயரம் வரும். இதை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகைக்கு முன் நின்று ஜனங்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று பாறையில் கூட்டம் அதிகம். ஸோரன் மௌனத்தின் ஏழு படிகளைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தாராம். மார்சிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. வேறு அமைதியான இடம் பார்ப்போம் என்று பின்பக்கமாக இறங்கிப் போயிருக்கிறாள். மதியம் இடித்தது, கொட்டியது, நின்றது. மாலை நோரீன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மார்சி இல்லை. போனும் எடுக்கவில்லை.

நோரீன் கடை மேலங்கியைக்கூட அவிழ்க்காமல் என் வாசலுக்கு வந்தாள். சட்டைக் கையில் நீல நிறச் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது. "மார்சி வரல," என்றாள்.

குழுவுக்குச் சொன்னேன். அவர்கள் புறப்பட்டு வருவதற்குள் யாராவது அவளைப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரிக்க நான் கழுதைமுதுகுக்குக் கிளம்பினேன். நோரீனும் கூட வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஊரே ஏறிய அந்தப் பாறையில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

மேலே ஐந்தாறு பேர் ஈர மழைக்கோட்டோடு திண்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஹார்லன் பாறையின் ஒதுக்கில், நனையாமல், வழக்கமான இடத்தில் இருந்தான். நோரீனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மார்சி எந்தப் பக்கம் போனா?" என்றாள் நோரீன்.

ஸோரன் நடுவே வந்தார். "அவர் வார்த்தையால பதில் சொல்றது இல்லைங்க. நீங்க கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு..."

"நீங்க கொஞ்சம் நகருங்க."

ஹார்லன் கையை நீட்டிக் கிழக்கே காட்டினான்.

"கையைக் காட்டாதே. அந்தப் பக்கம் ரெண்டு ஓடை இருக்கு. எது?"

அவன் மறுபடியும் காட்டினான்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றார்," என்றார் ஸோரன்.

நோரீன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஹார்லன், அவ என் வீட்ல தங்கியிருக்கா. இன்னும் சாப்பிட வரல. இருட்டப் போகுது. வாயைத் திற."

ஹார்லன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடித் திறந்தான்.

"பைப் ஓடை," என்றான். "பழைய தண்ணித் தொட்டிக்கு மேல. அந்தச் செருப்புக்கு அந்த எறக்கம் ஆகாதுன்னு அப்பவே நெனச்சேன்."

அவன் குரல் எனக்குத் தெரியும். கனமான, உருண்டையான குரல். இது அது இல்லை. தகரப் பீப்பாய்க்குள் ஒரு வாத்தைப் போட்டு மூடியது போல இருந்தது. மழைக்கோட்டுக்காரர்களில் ஒரு பெண் திண்டிலிருந்து எழுந்துவிட்டாள். "பைப் ஓடை," என்று ஸோரன் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "முதுகெலும்பைச் சொல்றார்."

நோரீன் ஹார்லனையே பார்த்தாள். "இதுதான் உன் குரலா?"

"இதுதான்."

"சரி, நட," என்றாள்.

மூவரும் பின்பக்கமாக இறங்கினோம். பைப் ஓடையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, ஆனாலும் நல்ல இரைச்சல். நான் மார்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. ஹார்லன் கத்தினான். அந்தக் கீச்சுக் குரல் தண்ணீர்ச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி, மேலே போய், இன்னொரு பாறையிலும் பட்டது. மறுபடி கத்தினான். மூன்றாவது முறை மேலேயிருந்து பதில் வந்தது.

தண்ணீர் வருவதைப் பார்த்து அவள் ஓடைக்கரைப் பாறையில் தொற்றி ஏறியிருக்கிறாள். செருப்பு வழுக்கி ஒரு விளிம்பில் விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. போன் தண்ணீரோடு போய்விட்டது. குழு வந்து சேரும்வரை நாங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நோரீன் தன் மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள்.

"ஒரு வாத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதுன்னு நெனச்சேன்," என்றாள் மார்சி. "சரி, செத்துட்டோம் போலன்னு நெனச்சேன்." பிறகுதான் ஹார்லனை நன்றாகப் பார்த்தாள். "நீங்களா?"

"ஆமாங்க."

"பேசுறீங்க."

"ஆமாங்க."

"இத்தனை நாளும் பேச முடியுமா?"

ஹார்லன் யோசித்தான். "முடியும்," என்றான்.

மார்சி மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் உங்ககிட்ட என்னென்னமோ சொல்லிட்டேனே."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

"சொல்ல முடியாதவர்னு நெனச்சுத்தானே சொன்னேன்."

நோரீன் தொண்டையைச் செருமினாள். "மார்சி, இவர் என் புருஷன்."

மார்சி கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப வேண்டாம், நோரீன்," என்றாள். "ஒவ்வொண்ணா வரட்டும்."

குழு வந்து ஒற்றைச் சக்கரத் தூக்குப்படுக்கையில் அவளை இறக்கினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஹார்லன். பாதி வழியில் மார்சி அவனிடம், "அன்னைக்கு என்னைப் பாத்து மன்னிச்சுடுன்னு சொன்னீங்களே, அது நெஜமா?" என்று கேட்டாள்.

"என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க. வெயில் கண்ல பட்டுச்சு. ஆனா மன்னிச்சா நல்லதுதான்."

அன்று இரவு காட்டன்வுட் ஆஸ்பத்திரியில் அவள் கணுக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் காலை ஹார்லன் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான். உள்ளே நடந்ததை நோரீன் எனக்குச் சொன்னாள். ஹார்லன் அதற்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"சொல்லு," என்றாள் நோரீன். அவள் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். அவன் உட்காரவில்லை.

அவர்கள் இளம் வயதில் சந்தித்தது காட்டன்வுட் முன்னாள் படைவீரர் மன்றத்தில். வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பிங்கோ என்கிற, சீட்டில் எண் அடிக்கும் ஆட்டம் நடக்கும். எண்களைக் கூப்பிடுகிறவன் ஹார்லன். நோரீன் முன்வரிசையில் உட்காருவாள். ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அவன் எண் சொல்லும்போது குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள், சீட்டைப் பார்க்க மாட்டாள். நாற்பத்தேழு என்று யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை என்று கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம்.

"ஆறு வாரம் முடிஞ்ச அன்னைக்குக் காலைல வேன்ல போய் உக்காந்தேன்," என்றான் ஹார்லன். "கண்ணாடிய ஏத்தி மூடிக்கிட்டு உன் பேரைச் சொல்லிப் பாத்தேன். இப்படி வந்துச்சு. சரியாப் போயிடும்னு நெனச்சு தெனமும் சொல்லிப் பாத்தேன். போகல."

"அதனால?"

"உன் பேரையே இப்படித்தான் சொல்ல முடியும்னா எதுக்குப் பேசணும்."

"எழுதிக் காட்டியிருக்கலாமே. பென்சிலை வச்சேனே."

"எழுதினா அப்பறம் பேசச் சொல்லுவ."

நோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன், ஹார்லன். ரெண்டு வருஷம் அப்படித்தான் நெனச்சேன்."

"நீதானே போகச் சொன்ன."

"பேசணும்னு தோணும்போது வான்னுதானே சொன்னேன்."

"தெனமும் தோணுச்சு," என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாளாம். வாணலியில் இருந்த வெண்ணெய் கருகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

"என் பேரைச் சொல்லு," என்றாள்.

சொன்னான்.

"இன்னொரு தடவை."

சொன்னான்.

"மோசமாத்தான் இருக்கு," என்றாள் நோரீன். "உக்காரு. முட்டை ஊத்துறேன்."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நோரீனுக்குப் பிடிக்காது. ஹார்லன் தன் இழுவை வண்டியைக் கொண்டுவந்து அந்த நேரான ஜூனிப்பருக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் வருவான், படுக்க வெளியே போவான். நான் ஒருநாள் அங்காடியில் அவளைப் பார்த்து, கோபம் போயிற்றா என்று கேட்டேன். அவள் ஒரு கேக்கின் மேல் "விடுதலைக்கு வாழ்த்து" என்று எழுதிக்கொண்டிருந்தாள். விவாகரத்து கேக்.

"போகல," என்றாள். "உலகமே அவன்கிட்ட வந்து மனசைக் கொட்டிச்சு. அவன் மனசுல ஒண்ணு இருந்துச்சு, அதை வேன்கிட்டச் சொல்லியிருக்கான். அதை நெனச்சா இப்பவும் எரியுது. ஆனா எரிச்சலோடயே சோறு போடலாம், க்ளைட். ரெண்டையும் சேத்துச் செய்ய வருது."

மார்சி கணுக்கால் கூடும்வரை நோரீன் வீட்டிலேயே இருந்தாள். மாடி ஏற முடியாததால் கீழறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நோரீன் மாடிக்குப் போனாள். முதல் வாரம் மார்சி ஹார்லனோடு ஒரே மேசையில் சாப்பிட மறுத்தாள். இவ்வளவு செலவழித்துத் தான் வணங்கியது ஒரு கொதிகலன்காரனை என்று சொன்னாள். ஹார்லன் அதை மறுக்கவில்லை. இரண்டாவது வாரம் அவள் அறையில் வெந்நீர் வரவில்லை. அவன் போய்ச் சரிசெய்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி, தன் கணவர் வானொலியில் எப்படிப் பேசுவார் என்று சொல்ல ஆரம்பித்தாள். நடித்தும் காட்டினாள். ஹார்லன் தன் புதுக் குரலில் அதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தான். உள்ளேயிருந்து மார்சியின் சிரிப்புச் சத்தம் வந்தபோது நோரீன் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடைசியில் அது அழுகையாக மாறியதையும் கேட்டாள். உள்ளே போகவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு மார்சி தன் வீட்டில் வானொலியைப் போட்டு வைக்கத் தொடங்கியதாக போனில் சொன்னாள்.

பாறைக்கு வருகிறவர்கள் குறையவில்லை. இப்போது அங்கே ஸோரன் உட்காருகிறார், பேசாமல். விளக்கிச் சொல்வதற்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ஹார்லன் ஒருமுறை கீழே வேலைக்குப் போகையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். நன்றாகச் செய்கிறார், என்னைவிட முதுகு நேராக இருக்கிறது என்று பொறாமை இல்லாமல் சொன்னான்.

ஹார்லனுக்கு வாய் திறந்தது திறந்ததுதான். கொதிகலன் ஏன் கெட்டது என்று இப்போது அவன் வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறான். பாறையில் இருந்த காலத்தில் தினமும் சாயங்காலம் வந்த ஒரு நரியைப் பற்றியும், மேகங்களைப் பற்றியும், தன் அப்பாவைப் பற்றியும் சொல்கிறான். அவனை அவசரத்துக்குக் கூப்பிட வேண்டாம், நேரம் இருக்கும்போது கூப்பிடுங்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நோரீன் செவ்வாய்க்கிழமைகளில் மாலை வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று கடையில் கூட்டமும் பேச்சும் இருக்காது.

குளிர் வந்து இழுவை வண்டியில் தண்ணீர்க் குழாய் உறைந்தபோது, அவள் அவனை வீட்டுக்குள் வரச் சொன்னாள். குழாய்க்காகத்தான் என்றாள்.

அந்த நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மார்சியும் ஒஹாயோவிலிருந்து வந்திருந்தாள், கைத்தடியோடு. வான்கோழி மேசை நடுவே ஆவி பறக்க இருந்தது. சாப்பிடுவதற்கு முன் யார் ஜெபம் சொல்வது என்று பேச்சு வந்தது. எப்போதும் நோரீன்தான் சொல்வாள், நாலு வரியில் முடித்துவிடுவாள். இந்த முறை அவள் ஹார்லனைப் பார்த்து, "நீ சொல்லு," என்றாள்.

நாங்கள் கையைக் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டோம். ஹார்லன் அந்த வாத்துக் குரலில் ஆரம்பித்தான். உணவுக்கு நன்றி சொன்னான், கூரைக்கு நன்றி சொன்னான். மார்சியின் கணுக்காலுக்கு, பைப் ஓடைக்கு, ஃப்ளாக்ஸ்டாஃப் டாக்டருக்கு, ஸோரனுக்கு, அவருடைய பழைய பெயரான கேரிக்கும் தனியாக. பிறகு நரிக்கு வந்தான். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கிண்ணத்தில் குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது. மார்சியும் ஒரு கண்ணைத் திறந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நோரீன் திறக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவன் பக்கமாகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவன் மழைக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை.